ஒளித்தரமும் தாவரங்களும்: நிறக் கண்ணாடியிலிருந்து மரபணு வரை

தாவரங்கள் ஒளியை இருவகையில் பயன்படுத்துகின்றன. உணவு தயாரிப்பதற்கான ஆற்றலாகக் கொள்வது ஒன்று. எந்தப் பருவம் நடக்கிறது, தலைக்கு மேல் நிழல் உள்ளதா, விதை மண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பவற்றை அறியும் செய்தியாகக் கொள்வது மற்றொன்று. இரண்டிலும் ஒளியின் அளவோடு அதன் நிறமும் முக்கியம். ஒளியில் எந்தெந்த அலைநீளங்கள் என்ன விகிதத்தில் கலந்துள்ளன என்பதே ஒளித்தரம் எனப்படுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள பகுதி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவதாகப் பாடநூல்கள் கூறும். அதற்கு அப்பால் தூரச் சிவப்பு. இப்பால் 400க்குக் கீழே புற ஊதாக் கதிர்கள்: 315 முதல் 400 வரை புற ஊதா-ஏ, 280 முதல் 315 வரை புற ஊதா-பி, 280க்குக் கீழே புற ஊதா-சி. இவற்றில் கடைசி வகை வளிமண்டலத்தால் முழுவதும் தடுக்கப்படுகிறது. நடு வகையின் பெரும்பகுதியை ஓசோன் படலம் உறிஞ்சிவிடுகிறது.

இந்த எண்கள் இன்று ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. இவற்றை அறிந்துகொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்தக் காலத்தில் பெரிய அறிஞர்கள் பலர் தவறான நிறத்தைச் சரியென்று நம்பியிருந்தனர்.

மஞ்சள் என்ற தவறு

செடியின் பச்சைப் பகுதிகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, கெட்ட காற்றை நல்ல காற்றாக்குகின்றன என்பதை டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779இல் வெளியிட்ட நூலில் காட்டினார். சூரியனின் வெப்பம் இதற்குக் காரணமில்லை, ஒளியே காரணம் என்பதும் அவர் கண்டதுதான். ஒளி என்றால் எந்த ஒளி என்ற கேள்வியை அடுத்து எழுப்பியவர் ஜெனீவா நகரப் பாதிரியாரும் நூலகருமான ஜான் செனெபியே. இரட்டைச் சுவர் கொண்ட கண்ணாடிக் குடுவைகளைச் செய்து, இரு சுவர்களுக்கும் இடையில் நிறக் கரைசல்களை ஊற்றி, உள்ளே செடிகளை வைத்துப் பார்த்தார். இக்குடுவைகள் நெடுங்காலம் தாவரவியல் ஆய்வகங்களில் அவர் பெயராலேயே வழங்கின.

நிறக் கரைசல்களில் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சளாகத் தோன்றும் கரைசல் மஞ்சளை மட்டும் விடுவதில்லை. சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையில் ஒரு பகுதியையும் சேர்த்தே விடுகிறது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சார்லஸ் டாபெனி 1836இல் நிறக் கண்ணாடிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும் கதிர்களே இலைக்கும் அதிகம் பயன்படுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். அமெரிக்காவில் ஜான் வில்லியம் டிரேப்பர் 1843இல் ஒரு படி மேலே சென்றார். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் புல்லிலைகளும் கரியமில வாயு கரைந்த நீரும் நிரம்பிய குழாய்களை வைத்து, வெளிவந்த வளியை அளந்தார். மஞ்சள் பகுதியில் வைத்த குழாய்களில்தான் வளி அதிகம் சேர்ந்தது. சாக்ஸ், பெஃபர் போன்ற ஜெர்மன் உடலியலாளர்களும் பின்னர் இதே முடிவை வழிமொழிந்தனர்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உறிஞ்சப்படும் ஒளி மட்டுமே வேதிமாற்றத்தை உண்டாக்க முடியும் என்ற விதி இன்றும் குரோத்தஸ்–டிரேப்பர் விதி என்றே அழைக்கப்படுகிறது. அதே டிரேப்பர்தான். பச்சையக் கரைசல் சிவப்பையும் நீலத்தையும் வலுவாக உறிஞ்சுகிறது, மஞ்சளைப் பெரிதும் விட்டுவிடுகிறது. தம் பெயர் தாங்கிய விதியையும் தம் குழாய்களில் கண்ட அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அவருக்கே ஐயம் எழுந்திருக்கும்.

தவறு எங்கே இருந்தது என்பதைக் காட்டியவர் ருசியத் தாவரவியலாளர் கிளிமெந்த் திமிரியாசெவ். முப்பட்டகத்துக்குள் ஒளி நுழையும் பிளவு அகலமாக இருந்தால் அண்டை நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன; அந்தக் கலப்பு நடுவிலுள்ள மஞ்சளில்தான் அதிகம். பிளவைக் குறுக்கினால் நிறம் தூய்மையாகும், ஆனால் ஒளி மங்கிவிடும். அவ்வளவு குறைந்த ஒளியில் உண்டாகும் வளி அளக்க முடியாத அளவுக்குச் சிறிது. திமிரியாசெவ் குறுகிய பிளவைத் தேர்ந்தார். மிகச் சிறு அளவு வளியை அளக்கும் கருவிகளைத் தாமே வடிவமைத்தார். 1875இல் வெளியிட்ட முடிவில் உச்சம் சிவப்பில், பச்சையம் வலுவாக உறிஞ்சும் இடத்திலேயே அமைந்திருந்தது. 1903இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் உரையாற்ற அவரை அழைத்தபோது, கலிவரின் பயணங்கள் கதையில் வெள்ளரிக்காயிலிருந்து சூரியக் கதிரைப் பிரித்தெடுக்க முயலும் மனிதரோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பச்சை இலையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த உவமை பொருத்தமானதுதான்.

அளவுக் கருவிகளே இல்லாமல் இதே முடிவை 1882இல் எட்டியவர் தியோடர் எங்கல்மன். ஆக்சிசன் உள்ள இடத்தை நாடி நீந்தும் பாக்டீரியாக்களை அவர் கருவியாக்கிக்கொண்டார். நுண்ணோக்கியின் கீழ் ஓர் இழைப்பாசியின் மீது சிறு நிறமாலையை வீழ்த்தியபோது பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன, பச்சையில் அருகின. ஒளிச்சேர்க்கையின் செயல் நிறமாலையை உயிரினங்களே வரைந்து காட்டிய சோதனை இது. பல நூல்கள் இதற்கு ஸ்பைரோகைரா படத்தைப் போடுகின்றன. நிறமாலைச் சோதனைக்கு எங்கல்மன் பயன்படுத்தியது கிளாடோஃபோரா. ஸ்பைரோகைரா அதற்கு முந்தைய ஆண்டுச் சோதனையில் வந்தது.

பச்சை வீணாகிறதா?

எங்கல்மனின் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் பச்சை ஒளி தாவரத்துக்குப் பயனற்றது என்று முடிவு கட்டிவிட்டன. மெல்லிய பாசி இழைக்கு அது ஓரளவு பொருந்தும். தடித்த இலையின் கதை வேறு. 1972இல் மெக்கிரீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 22 பயிர்களின் இலைகளை அலைநீளம் அலைநீளமாகச் சோதித்தார். சிவப்பிலும் நீலத்திலும் உச்சங்கள் இருந்தன; ஆனால் பச்சையிலும் ஒளிச்சேர்க்கை கணிசமாக நடந்தது. சிவப்பும் நீலமும் இலையின் மேலடுக்கிலேயே தீர்ந்துவிடுகின்றன. பச்சை ஒளி உள்ளே சிதறிச் சிதறிச் சென்று கீழடுக்குச் செல்களில் பிடிபடுகிறது. மேலடுக்கு நிறைந்துவிடும் கடும் வெயிலில் கூடுதலாகச் சேர்க்கப்படும் பச்சை ஒளி சிவப்பைவிடவும் பயன்தருகிறது என்று 2009இல் ஜப்பானில் தெராஷிமா குழுவினர் காட்டினர். இலை பச்சையாகத் தெரிவது அது திருப்பி அனுப்பும் சிறு பங்கினால்தான்.

நிறமாலையின் மறுமுனையிலும் ஒரு புதிர் இருந்தது. 1943இல் ராபர்ட் எமர்சனும் சார்ல்டன் லூயிசும் குளோரெல்லா பாசியை அளந்தபோது, 680 நானோமீட்டருக்கு அப்பால் பச்சையம் ஒளியை இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஒளிச்சேர்க்கையின் திறன் சட்டென்று சரிந்தது. சிவப்பு வீழ்ச்சி என்று அதற்குப் பெயர் வந்தது. 1957இல் எமர்சன் அந்தப் பயனற்ற நீண்ட சிவப்போடு சற்றே குறுகிய அலைநீளம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டையும் தனித்தனியே கொடுத்தபோது கிடைத்ததன் கூட்டுத்தொகையைவிட அதிக விளைச்சல் வந்தது. ஒரே வேலையை இரண்டு வேறு ஒளி அமைப்புகள் கைமாற்றிச் செய்கின்றன என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. 1960இல் ஹில், பெண்டல் ஆகியோர் எலக்ட்ரான்களின் பாதையை வரைந்து காட்டியபோது எமர்சன் உயிருடன் இல்லை. 1959 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்திருந்தார். அலகாபாத்திலிருந்து இல்லினாய் சென்று அவரிடம் ஆய்வு மாணவர்களாக இருந்த கோவிந்தஜியும் ரஜ்னி கோவிந்தஜியும் அந்தப் பணியைத் தொடர்ந்தனர்.

செய்தியாகும் ஒளி

சாக்ஸ் மஞ்சளைப் பற்றிய முடிவில் தவறினாலும், இன்னொன்றைச் சரியாகக் கண்டார். நீலக் கரைசல் வழியே வரும் ஒளியில் வளிக்குமிழிகள் அதிகம் வராவிட்டாலும், இளஞ்செடிகள் அந்த ஒளியை நோக்கித் தவறாமல் வளைந்தன. ஆரஞ்சு ஒளியில் குமிழிகள் நிறைய வந்தன, வளைவு இல்லை. உணவுக்கான ஒளியும் செய்திக்கான ஒளியும் வேறு என்பது 1864இலேயே அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. ஆனால் செய்தியை வாங்கும் பொருள் எது என்பதை அறிய நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தேடல் ஒரு புகையிலைச் செடியில் தொடங்கிச் சூடுபிடித்தது. வாசிங்டன் அருகே அமெரிக்க வேளாண்துறையின் பண்ணையில், மேரிலாந்து மாமத் என்னும் இராட்சத வகைப் புகையிலை கோடை முழுவதும் இலையாகவே வளர்ந்துகொண்டிருந்தது. பூக்கவில்லை, விதையும் இல்லை. கார்னர், அலார்டு இருவரும் 1918 சூலையில் சில தொட்டிகளை மாலையில் சன்னலில்லாக் கொட்டகைக்குள் நகர்த்தி, காலையில் வெளியே எடுத்து, பகலைச் செயற்கையாகக் குறுக்கினர். அவை பூத்தன. 1920இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை ஒளிக்காலத்துவம் என்ற கருத்தை நிலைநாட்டியது. பின்னர் 1938இல் ஹாம்னரும் பானரும், செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தையே என்றும், நள்ளிரவில் சில நிமிட ஒளி போட்டால் அந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது என்றும் கண்டனர்.

எந்த நிறம் அந்தக் கணக்கைக் குலைக்கிறது? மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் தாவரவியலாளர் ஹாரி பார்த்விக், லைனஸ் பாலிங்கிடம் பயின்ற வேதியியலாளர் ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ், மரியன் பார்க்கர் ஆகியோர் இதை எடுத்துக்கொண்டனர். கார்பன் வில் விளக்கின் ஒளியைப் பெரிய முப்பட்டகங்களால் விரித்து, ஓர் அறையின் நீளத்துக்கு நிறமாலையைப் படரவிட்டு, அதில் வரிசையாகச் செடிகளை வைத்தனர். சோயாவில் பூப்பதைத் தடுக்கும் ஒளியும், பார்லியில் பூப்பதைத் தூண்டும் ஒளியும் ஒன்றாகவே இருந்தன: 660 நானோமீட்டரைச் சுற்றிய சிவப்பு.

அதே நிலையத்தில் விதை ஆய்வு செய்துவந்த எபன் டூல், விவியன் டூல் தம்பதியர் லெட்டூஸ் விதைகளைக் கொண்டுவந்தனர். இந்த விதைகள் ஒளி பட்டால்தான் முளைக்கும். சிவப்பு முளைக்கச் செய்கிறது, அதைத் தாண்டிய தூரச் சிவப்பு தடுக்கிறது என்று ஃபிளின்ட், மெக்அலிஸ்டர் என்ற இருவர் 1930களிலேயே கண்டிருந்தனர். பெல்ட்ஸ்வில் குழு கேட்டது எளிய கேள்வி: இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால்? சிவப்பு மட்டும் கொடுத்த விதைகளில் 70 விழுக்காடு முளைத்தன. சிவப்புக்குப் பின் தூரச் சிவப்பு கொடுத்தால் 6 விழுக்காடு. மீண்டும் சிவப்பு கொடுத்தால் 74. மீண்டும் தூரச் சிவப்பு, மீண்டும் 6. எத்தனை முறை மாற்றினாலும் விதை கடைசியாகக் கண்ட ஒளியையே நினைவில் வைத்திருந்தது. 1952இல் இது வெளியானது. இத்துறையின் வரலாற்றில் இவ்வளவு தெளிவாகப் பேசும் அட்டவணை வேறொன்று உண்டா என்பது ஐயமே.

ஒரே நிறமி இரண்டு வடிவங்களுக்கு இடையே முன்னும் பின்னும் மாறுகிறது என்று ஹெண்ட்ரிக்ஸ் கணித்தார். யாரும் அந்த நிறமியைக் கண்ணால் கண்டதில்லை. ஆங்கிலத்தில் 'கற்பனையின் புனைவு' என்ற தொடரைத் திரித்து 'கற்பனையின் நிறமி' என்று கேலி செய்தவர்களும் இருந்தனர். விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. முட்டை, பழம் முதலிய விளைபொருள்களை உடைக்காமல் ஒளியால் சோதிக்கும் கருவிகளை அதே நிலையத்தில் கார்ல் நாரிஸ் என்ற பொறியாளர் உருவாக்கிக்கொண்டிருந்தார். கலங்கிய, அடர்ந்த பொருளிலும் நுண்ணிய நிறமாற்றத்தை அளக்கக்கூடியது அவருடைய கருவி. இருட்டில் வளர்த்ததால் பச்சையமே இல்லாத மக்காச்சோள நாற்றுகளை வாரன் பட்லர் அந்தக் கருவியில் வைத்து, சிவப்பையும் தூரச் சிவப்பையும் மாற்றி மாற்றிக் காட்டினார். 660இல் உறிஞ்சுதல் குறைந்தபோது 730இல் கூடியது, பின் மறுதலை. 1959இல் அந்த நிறமி பைட்டோகுரோம் என்ற பெயருடன் நூல்களுக்குள் வந்தது.

இதனால் விளங்கிய நடைமுறை உண்மைகள் பல. இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச் சிவப்பை விட்டுவிடுவதால், திறந்த வெளியில் ஒன்றுக்குச் சற்று மேலாக இருக்கும் சிவப்பு–தூரச் சிவப்பு விகிதம் அடர்ந்த இலைக்கூட்டத்தின் கீழே பலமடங்கு குறைகிறது. செடி இதைக்கொண்டு அண்டைச் செடியின் இருப்பை, தன் மீது நிழல் விழும் முன்பே அறிந்து, தண்டை நீட்டுகிறது. நெருக்கி நட்ட பயிர் மெலிந்து உயர்ந்து சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகரந்தம் சொன்ன இரகசியம்

சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் இருப்பதை வில்லியம் ஹெர்ஷல் 1800இல் கண்டார். அதைக் கேள்வியுற்ற ஜெர்மானியர் யோகான் ரிட்டர் மறுமுனையில் தேடினார். ஊதாவுக்கு அப்பால் வெள்ளிக் குளோரைடு எல்லாவற்றிலும் விரைவாகக் கறுப்பதை 1801இல் கண்டார். ஆனால் தாவர ஆய்வில் புற ஊதாக் கதிர் இடம்பிடிக்க அதன்பின் நூறாண்டுக்கு மேலாயிற்று.

அமெரிக்காவின் மிசூரியில் லூயிஸ் ஸ்டாட்லர் மக்காச்சோள மரபியலில் ஆய்வு செய்துவந்தார். எக்ஸ் கதிர் தாவரங்களில் சடுதிமாற்றத்தை உண்டாக்குவதைக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் அவர். எக்ஸ் கதிர் மரபுப்பொருளை மாற்றுவதைவிட உடைத்துத் தள்ளுகிறது என்று கருதியதால், மென்மையான கதிராகப் புற ஊதாவை நாடினார். மகரந்தத்தூள் மிகச் சிறியது. மெல்லிய அடுக்காகப் பரப்பினால் கதிர் உட்கருவை எட்டும். இயற்பியலாளர் ஃபிரெட் யூபருடன் சேர்ந்து 1942இல் வெளியிட்ட ஆய்வில், சடுதிமாற்றத்தை எந்த அலைநீளம் எவ்வளவு உண்டாக்குகிறது என்று வரைந்தார். அந்த வளைகோடு நியூக்ளிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் வளைகோட்டோடு ஒத்திருந்தது. புரதத்தின் வளைகோட்டோடு ஒத்துப்போகவில்லை.

மரபணு என்பது புரதத்தால் ஆனது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. ஏவரி குழுவினர் பாக்டீரியாவில் டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்று காட்டியது 1944இல். அதற்கு இரண்டாண்டு முன்பே ஒரு சோளக்கதிரின் மகரந்தம் விடையைச் சொல்லிவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் ஹொலேண்டர், எம்மன்ஸ் ஆகியோர் பூஞ்சையில் இதையே கண்டிருந்தனர். உறிஞ்சப்பட்ட ஆற்றல் நியூக்ளிக் அமிலத்திலிருந்து புரதத்துக்குத் தாவியிருக்கலாம் என்ற விளக்கம் அப்போது பலருக்குப் போதுமானதாக இருந்தது. டிரேப்பரின் விதியை நேரடியாகப் பயன்படுத்தியிருந்தால் மரபியலின் வரலாறு சற்று முன்னதாகவே திரும்பியிருக்கும்.

புற ஊதா டி.என்.ஏ.வில் என்ன செய்கிறது என்பது 1960 வாக்கில் தெளிவானது. இழையில் அடுத்தடுத்து அமைந்த இரு தைமின்களை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அந்த முடிச்சு உள்ள இடத்தில் இழையைப் படியெடுக்க முடிவதில்லை. முடிச்சை அவிழ்க்கும் நொதி ஒன்று உண்டு என்பது அதற்கு முன்பே தற்செயலாகத் தெரியவந்தது. 1940களின் இறுதியில் ஆல்பர்ட் கெல்னர் புற ஊதாவால் தாக்கப்பட்ட நுண்ணுயிர் வித்துகள் மீள்வதை ஆராய்ந்தபோது, முடிவுகள் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறின. வெப்பநிலையைச் சந்தேகித்து வெகுநாள் அலைந்த பிறகுதான், வித்துகள் வைத்த கண்ணாடித் தொட்டி சன்னல் அருகே இருந்ததை அவர் கவனித்தார். சாதாரண ஒளியே அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நீல ஒளியையும் புற ஊதா-ஏ கதிரையும் ஆற்றலாகக் கொண்டு முடிச்சை அவிழ்க்கும் அந்த நொதியே ஃபோட்டோலையேஸ். தாவரங்களிலும் அது உள்ளது.

ஓசோன் பயமும் ஆய்வகப் பிழையும்

குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கக்கூடும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை அறிவித்தனர். பயிர்கள் என்னாகும் என்ற கேள்வி அறிவியல் கூட்டங்களைத் தாண்டி அரசுகளின் மேசைக்குப் போயிற்று.

முதலில் வந்த விடைகள் அச்சமூட்டின. வளர்ப்பு அறைகளில் புற ஊதா-பி விளக்கின் கீழ் வைத்த செடிகளில் ஒளி அமைப்பு இரண்டின் மையப் புரதம் சிதைந்தது, கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதி குறைந்தது, இலைகள் சுருங்கின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜி. குழந்தைவேலுவும் உடன் ஆய்வாளர்களும் 1980களிலும் 90களிலும் புற ஊதா-பி, புற ஊதா-சி ஆகியவை ஒளிச்சேர்க்கையின் எலக்ட்ரான் கடத்தலை எப்படிக் குலைக்கின்றன என்று ஒப்பிட்டனர். தட்டைப்பயற்றில் ருபிஸ்கோ பாதிக்கப்படுவதையும் ஆராய்ந்தனர். வெப்பமண்டலத்தில் சூரியன் உச்சியில் நிற்பதாலும் ஓசோன் இயல்பாகவே மெல்லியது என்பதாலும் இங்குள்ள பயிர்கள் ஏற்கெனவே அதிகப் புற ஊதா-பி பெறுகின்றன; எனவே இத்தகைய ஆய்வு மதுரையில் நடந்தது இயல்பே. இங்கிலாந்தில் பிரையன் ஜோர்டன் குழுவினர் பட்டாணியில் கண்டது இன்னும் நுட்பமானது. புரதம் சிதைவதற்கு முன்பே, பச்சையத்தைத் தாங்கும் புரதத்துக்கும் ருபிஸ்கோவின் சிறு அலகுக்கும் உரிய மரபணுக்களின் செய்தி ஆர்.என்.ஏ. குறைந்துவிட்டது. செடி தானே அந்த மரபணுக்களை அடக்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வயலில் அதே பயிர்கள் அவ்வளவு நோகவில்லை. காரணம் கெல்னரின் சன்னலில் இருக்கிறது. வளர்ப்பு அறைகளில் புற ஊதா-பி இருந்தது, வெயிலுக்கு நிகரான வெள்ளொளியும் புற ஊதா-ஏவும் இல்லை. அவிழ்க்கும் நொதிக்குத் தேவையான ஒளியைக் கொடுக்காமல், முடிச்சுப்போடும் ஒளியை மட்டும் கொடுத்துவிட்டுச் சேதத்தை அளந்திருந்தனர். வெளிவயல் ஆய்வுகள் பலவற்றை 2001இல் தொகுத்துப் பார்த்தபோது, ஒளிச்சேர்க்கையில் பெரிய வீழ்ச்சி இல்லை. தெளிவாகக் கூடியது இலைகளின் புற ஊதா தடுப்புச் சேர்மங்கள், சராசரியாகச் சுமார் 10 விழுக்காடு. ஆயினும் எல்லா இரகமும் ஒன்றுபோல் தாங்கவில்லை. மேரிலாந்தில் டெரமுரா ஆறு ஆண்டுகள் நடத்திய சோயா ஆய்வில் எசெக்ஸ் என்ற இரகம் விளைச்சலை இழந்தது, வில்லியம்ஸ் தாங்கியது.

இதைக் கொண்டு ஓசோன் பயம் வீண் என்று சொல்வோரும் உண்டு. அது சரியன்று. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானதால் மோசமான நிலையை உலகம் காணவில்லை. ஒப்பந்தம் இல்லாதிருந்தால் தாவரங்கள் புற ஊதாவால் நலிந்து கார்பனைப் பிடிக்கத் தவறுவதால் மட்டுமே இந்நூற்றாண்டின் இறுதியில் புவியின் வெப்பநிலை கூடுதலாக 0.5 முதல் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கும் என்று 2021இல் வெளியான ஒரு மாதிரிக் கணிப்பு கூறியது.

நெல்லில் ஓர் எழுத்து

சோயாவில் இரகத்துக்கு இரகம் வேறுபாடு ஏன் என்பதற்கு முழு விடை நெல்லில்தான் முதலில் கிடைத்தது. ஜப்பானில் சசனிஷிகி, நோரின் 1 என்ற இரண்டு நெல் வகைகள் நெருங்கிய உறவுடையவை. புற ஊதா-பி கூடுதலாகக் கொடுத்தால் சசனிஷிகி தாங்குகிறது, நோரின் 1 குன்றுகிறது. செந்தாய் நகரில் தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் குமகாய், ஹிதேமா முதலியோர் பல ஆண்டுகள் இதைத் துருவினர். தடுப்புச் சேர்மங்களின் அளவில் விளக்கம் கிடைக்கவில்லை. நோரின் 1இல் தைமின் முடிச்சுகள் அவிழ நேரமாயிற்று. நொதியின் அளவும் குறையவில்லை. நொதியே சற்று மந்தமாக இருந்தது. ஃபோட்டோலையேஸ் புரதத்தின் 126ஆம் இடத்தில் சசனிஷிகியில் குளூட்டமின் இருக்க, நோரின் 1இல் ஆர்ஜினின் இருந்தது. ஓர் அமினோ அமில வேறுபாடு. சூர்ஜமுகி என்ற இண்டிகா நெல்லில் 296ஆம் இடத்திலும் ஒரு மாற்றம் இருந்தது. அது இன்னும் எளிதில் நலிந்தது. வெயிலைத் தாங்கும் பயிர் வேண்டுமென்றால் எந்த மரபணுவைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இவ்வளவு கூர்மையான விடை இத்துறையில் அரிது.

நீலத்தின் உணரியும் புற ஊதாவின் உணரியும்

சாக்ஸ் கண்ட நீல ஒளியின் உணரியைத் தேடியவர்களும் இதே நொதியில்தான் வந்து நின்றனர். 1980இல் நெதர்லாந்தின் மார்ட்டன் கூர்னீஃப், கடுகுக் குடும்பக் களையான அராபிடாப்சிசில், வெளிச்சத்திலும் இருட்டில் வளர்ந்ததுபோல் நெடுநெடுவென நீளும் சடுதிமாற்ற வகைகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்று நீல ஒளியை மட்டும் உணரவில்லை. 1993இல் மார்கரெட் அகமதுவும் அந்தோனி காஷ்மோரும் அந்த மரபணுவைப் படித்தபோது, அது ஃபோட்டோலையேசின் உறவுப் புரதத்துக்கு உரியது என்று தெரிந்தது. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் வேலை அதில் இல்லை. ஒளியைப் பிடிக்கும் அமைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. கிரிப்டோகுரோம் என்று ஏற்கெனவே பெயர் சூட்டிக் காத்திருந்த உணரி இதுவே. தொன்மையான உயிரினங்கள் வெயிலின் காயத்தை ஆற்ற வைத்திருந்த கருவி, பின்னாளில் வெயிலை அறியும் கண்ணாக மாறியது என்று கொள்ளலாம். வளைவுக்குரிய உணரி இன்னொன்று. ஃபோட்டோட்ரோபின் என்ற அதன் மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. பைட்டோகுரோமும் ஒன்றல்ல; அராபிடாப்சிசில் ஐந்து மரபணுக்கள் உள்ளன என்று 1989இல் ஷாராக், குவெய்ல் ஆகியோர் காட்டியிருந்தனர்.

எஞ்சியது புற ஊதா-பி. அதைச் செடி சேதமாக மட்டும் அனுபவிக்கிறதா, செய்தியாகவும் படிக்கிறதா? சேதம் உண்டாக்காத மிகக் குறைந்த அளவிலும் மரபணுக்கள் விழித்தெழுவதை ஆய்வாளர்கள் கண்டனர். ஜெர்மனியில் ஹால்புரோக் குழுவினர் கொத்துமல்லிக்கு உறவான பார்ஸ்லியின் செல்களில், ஃபிளேவனாய்டு தயாரிக்கும் முதல் நொதியின் மரபணுவைப் புற ஊதா தூண்டுவதை 1980களில் அளந்திருந்தனர். ஃபிளேவனாய்டு செய்ய இயலாத அராபிடாப்சிஸ் வகைகள் புற ஊதா-பியில் வாடுவதை ராபர்ட் லாஸ்ட் குழுவினர் 1993இல் காட்டினர். அதே லாஸ்டின் ஆய்வகத்தில் 2002இல், ஃபிளேவனாய்டு மரபணு நன்றாக இருந்தும் அதை இயக்கத் தெரியாத ஒரு வகை அகப்பட்டது. அதில் பழுதான மரபணுவுக்கு யு.வி.ஆர்.8 என்று பெயரிட்டனர். அது உணரி என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கிளாஸ்கோவில் கரெத் ஜென்கின்சும், ஃபிரைபர்கிலும் பின்னர் ஜெனீவாவிலும் ரோமன் உல்மும் அதைத் தொடர்ந்தனர். 2011இல் உல்மின் குழு முடிச்சை அவிழ்த்தது. மற்ற ஒளி உணரிகள் எல்லாம் ஒளியைப் பிடிக்கத் தனி நிறமியைச் சுமக்கின்றன. யு.வி.ஆர்.8 அப்படிச் சுமப்பதில்லை. புரதத்தின் இயல்பான உறுப்பான டிரிப்டோபான் அமினோ அமிலங்களே, குறிப்பாக 285ஆம் இடத்தில் உள்ளது, கதிரைப் பிடிக்கின்றன. இருட்டில் இரண்டு இரண்டாக ஒட்டியிருக்கும் புரதங்கள் புற ஊதா-பி பட்டவுடன் பிரிகின்றன. பிரிந்த புரதம், ஒளிச் செய்திகளையெல்லாம் கட்டுப்படுத்தும் சி.ஓ.பி.1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதன் விளைவாக எச்.ஒய்.5 என்ற ஆணைப் புரதம் பெருகுகிறது. அது ஃபிளேவனாய்டு, ஃபோட்டோலையேஸ் முதலியவற்றின் மரபணுக்களைத் திறக்கிறது. 2012இல் அதன் படிக அமைப்பும் வெளியானது. அதே ஆண்டில், யு.வி.ஆர்.8 இல்லாத செடிகளில் கூடுதல் புற ஊதா-பியின் கீழ் ஒளி அமைப்பு இரண்டின் திறன் குறைவதும் காட்டப்பட்டது. கிளாமைடோமோனாஸ் பாசியிலும் இதே உணரி ஒளிச்சேர்க்கையைக் காக்கிறது.

ஒளியைக் கலந்து கொடுக்கும் தொழில் இப்போது வளர்ந்துவருகிறது. 2014இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நிறுவப்பட்ட வெஜ்ஜி பெட்டியில் சிவப்பு, நீலம், பச்சை எல்.ஈ.டி. விளக்குகள் இருந்தன, அடுத்த ஆண்டு விண்வெளி வீரர்கள் அதில் விளைந்த சிவப்பு லெட்டூசை உண்டனர். 700 முதல் 750 நானோமீட்டர் வரையுள்ள தூரச் சிவப்பும் பிற ஒளியோடு சேரும்போது ஒளிச்சேர்க்கைக்கு முழுமையாக உதவுகிறது என்று அமெரிக்காவில் ஷென்னும் பக்பியும் 2020இல் அளந்து, 400–700 என்ற பழைய எல்லையையே மாற்ற வேண்டும் என்கின்றனர். எமர்சனின் கூட்டல் கணக்குதான் அது, இப்போது விளக்கு விற்பனையில்.

புற ஊதா-பி இந்த விளக்குகளில் பெரும்பாலும் இல்லை. சாதாரணக் கண்ணாடியும் அதை உள்ளே விடுவதில்லை. கண்ணாடிக் கூடாரத்தில் வளரும் சிவப்பு லெட்டூஸ் வெளிறிப்போவதும், அங்கிருந்து நேராக வெயிலில் நட்ட நாற்றுகள் கருகுவதும் ஒரே காரணத்தால்தான். அவற்றின் யு.வி.ஆர்.8 புரதங்கள் பிறந்தது முதல் ஒட்டியபடியே இருந்திருக்கின்றன. நாற்றுகளை நடுவதற்கு முன் சில நாள் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கும் தோட்டக்காரர், அவற்றைப் பிரிய விடுகிறார்.